அட்டையைத் திருப்பிப் போடுங்கள், ஓரத்தைப் பார்ப்போம்

சிவகாசியில் 31 வருஷம் ஆஃப்செட் மெஷின் பக்கத்தில் நின்றவன் நான். போன மாதம் தீப்பெட்டிப் படங்களைப் பற்றி எழுதும்போது, பிள்ளைகள் சேர்த்து, மாற்றி, விளையாடும் போகிமான் அட்டையும் நாலு கலர் அச்சுதானே, அதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கலாமே என்று பேச்சுவாக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் தீப்பெட்டியைக் காணோம், எல்லாம் போகிமானின் மஞ்சள் பிராணி பிகாச்சு. எனக்கும் இந்த அட்டைகள் புதிதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த மச்சான் 2000-இல் கொண்டுவந்து கொடுத்த ஒரு கட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. பிறந்தநாள் காசில் பொருட்காட்சிக் கடையில் 55 தங்க போகிமான் அட்டைகள் உள்ள கறுப்பு டப்பா ஒன்று வாங்கினான். கூடப் படிக்கும் பையன் "எல்லாம் டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டானாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உண்மையா?
— ஒரு தாய், நங்கநல்லூர்

உண்மைதான் அம்மா. அந்தப் பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு அட்டையைக் கையில் எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் மாதிரி சடசடக்கும். ஒரிஜினல் போகிமான் அட்டை காகிதம். சீட்டுக்கட்டு அட்டை எப்படிச் செய்வார்களோ அப்படி, இரண்டு தாளை நடுவில் கருநிறப் படலம் வைத்து ஒட்டிச் செய்தது. ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். விளையாட்டில் எதிராளி வெளிச்சத்தில் பார்த்து உங்கள் கையில் இருக்கும் அட்டை எது என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. செல்போன் டார்ச்சை அட்டைக்குப் பின்னால் பிடித்தால் ஒரிஜினலில் வெளிச்சம் அநேகமாக வராது. மலிவான காகித டூப்ளிகேட்டில் ஜன்னல் திரை மாதிரி வெளிச்சம் கொட்டும்.

அளவு 63 மில்லிமீட்டருக்கு 88. ஸ்கேல் வைத்துப் பாருங்கள், டூப்ளிகேட்டுகள் பல சமயம் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கும். போகிமான் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'இ' எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு உண்டு. டூப்ளிகேட் அடிக்கிறவர்கள் அதை அடிக்கடி விட்டுவிடுவார்கள். முதுகுப் பக்கத்து நீலம் வெளிறியோ ஊதா தட்டியோ இருக்கும். இதையெல்லாம் விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. ஒரு டப்பாவில் 55-உம் தங்கமாக இருப்பதே தப்பு. ஒரிஜினல் பாக்கெட்டைப் பிரித்தால் பெரும்பாலும் சாதா அட்டைதான் வரும், மினுக்குவது ஒன்றிரண்டு.

தங்க நிறத்தில் ஒரிஜினலே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. 1999-இல் அமெரிக்காவில் பர்கர் கிங் கடைகளில் தங்கமுலாம் பூசிய ஆறு அட்டைகள் விற்றார்கள். 2021-இல் 25-ஆம் ஆண்டுக்காக வந்த 'செலிப்ரேஷன்ஸ்' தொகுப்பின் பெரிய பெட்டியில் பிகாச்சு, சாரிஸார்ட் இரண்டும் உலோகத்தில் வந்தன. ஆனால் அவை நிஜமாகவே உலோகம், கையில் கனக்கும். உங்கள் வீட்டு டப்பா சடசடக்கிறது.

பையனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெருப் பையன்களோடு விளையாட அது போதும். மற்றவன் வைத்திருக்கும் ஒரிஜினலோடு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டாம். டப்பாவிலிருந்து ஒன்றையும் நண்பனின் ஒரிஜினல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எத்தனை வித்தியாசம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சோறு தானாக இறங்கும்.

கேள்வி: "லென்ஸில் பார்த்தால் தெரியும்" என்கிறீர்கள். நானும் ஒரு லென்ஸ் வாங்கினேன். எல்லா அட்டையிலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. இதில் எது நல்ல புள்ளி, எது கெட்ட புள்ளி?
— ஒரு வாசகர், கோவை

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தொழில் இது.

ஆஃப்செட்டில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட், அதாவது அச்சுத் தகடு. ஒவ்வொரு கலரின் புள்ளிகளும் ஒவ்வொரு சாய்வில் வரிசையாக நிற்கும். நாலும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது சின்னச் சின்னப் பூ மாதிரி வட்டம் உண்டாகும். உங்கள் லென்ஸில் தெரிவது அந்தப் பூதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும்.

இப்போது படத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். அட்டையின் கீழே பொடி எழுத்தில் காப்புரிமை வரி இருக்கிறதல்லவா, அங்கே பாருங்கள். ஒரிஜினலில் கறுப்பு எழுத்து தனிக் கறுப்பு பிளேட்டிலிருந்து வருகிறது. மசி கெட்டியாக, ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும், உள்ளே புள்ளி இருக்காது. டூப்ளிகேட் அடிக்கிறவனிடம் அந்தக் கம்பெனியின் ஃபைல் ஏது? அச்சான அட்டையைத்தான் ஸ்கேன் செய்கிறான். ஸ்கேனருக்கு எழுத்து எது, படம் எது என்று தெரியாது. கறுப்பு எழுத்தையும் நாலு கலராகப் பிரித்துப் புள்ளியாக்கிவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும் எறும்பு மாதிரி ஊரும்.

படத்திலும் ஒரு கூத்து நடக்கும். ஏற்கெனவே புள்ளியாக அச்சானதை ஸ்கேன் செய்து மறுபடி புள்ளியாக்கினால் இரண்டு புள்ளி வரிசையும் மோதிக்கொண்டு அலை அலையாகக் கட்டம் விழும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பார்ட்டி பழைய முருகன் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து "இதே மாதிரி ஓட்டிக் கொடுங்கள், பாசிட்டிவ் ஃபிலிம் எல்லாம் தொலைந்துவிட்டது" என்றார். ஸ்கேன் எடுத்து ஓட்டினோம். தூரத்தில் பார்த்தால் முருகன். கிட்டே போனால் கன்னத்தில் கொசுவலை. இரண்டாயிரம் ஷீட் ஓடின பிறகுதான் முதலாளி பார்த்தார். அன்றைக்கு நான் வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது.

'மேஜிக்: தி கேதரிங்' என்ற அட்டை விளையாட்டில் இந்தச் சோதனை இன்னும் ருசியாக இருக்கும். 1993-இல் வந்தது அது. அட்டையின் முதுகில் ஐந்து வண்ண வட்டங்கள் இருக்கும். பச்சை வட்டத்தை லென்ஸில் பார்த்தால் உள்ளே நாலு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில 'எல்' வடிவத்தில் நிற்கும். டூப்ளிகேட்டுகளில் பெரும்பாலும் அது கலைந்துபோய் இருக்கும். அதே முதுகில் 'டெக்மாஸ்டர்' என்ற சொல்லின் மேல் பேனா பட்டுவிட்ட மாதிரி ஒரு சின்னக் கோடு உண்டு. முதல் நாளே நேர்ந்த பிசகு. முப்பது வருஷம் தாண்டியும் எடுக்கவில்லை, எடுக்கவும் வழியில்லை. முதுகை மாற்றினால் பழைய அட்டை எது, புது அட்டை எது என்று கட்டில் பார்த்த உடனே தெரிந்துவிடும், ஆட்டமே கெட்டுப்போகும். எங்கள் ஊரில் இப்படி ஒரு கோடு விழுந்திருந்தால் பார்ட்டி பில்லில் பாதியைப் பிடித்திருப்பார்.

கேள்வி: ஆன்லைனில் 1999 போகிமான் முதல் தொகுப்பின் பிகாச்சு வாங்கினேன். கன்னம் சிவப்பாக இருக்கிறது. "இது மிஸ்பிரிண்ட், சாதாவைவிடப் பத்து மடங்கு போகும்" என்று சொல்லி அதற்குத் தகுந்தபடி விற்றவர் பணம் வாங்கிவிட்டார். முன்பக்கப் போட்டோ இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினல்தானா?
— ஒரு மாணவர், மதுரை

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டை ஒரிஜினலாகத்தான் தெரிகிறது. கன்னத்தில்தான் சந்தேகம்.

அந்தத் தொகுப்பை 1999-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி, மொத்தம் 102 அட்டை. அச்சு பல கட்டமாக நடந்தது. முதலில் 'முதல் பதிப்பு' முத்திரையோடு வந்தது. அப்புறம் முத்திரை இல்லாமல், படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழலும் இல்லாமல் ஒன்று. அதற்குப் பிறகு நிழலோடு ஏராளமாக. சிவப்புக் கன்னம் முதல் இரண்டு கட்டத்தில்தான் பேசப்படுகிறது. இடையிலேயே கன்னத்தை மஞ்சளாக்கிவிட்டார்கள். உங்கள் அட்டையில் முத்திரை இல்லை, வலது ஓரத்தில் நிழல் நன்றாகவே விழுந்திருக்கிறது. நிழல் இருக்கிற கட்டத்தில் கன்னம் மஞ்சளாக இருக்க வேண்டும்.

அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது? அதையும் லென்ஸில் பாருங்கள். அச்சிலேயே வந்த சிவப்பு என்றால் மெஜந்தா புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பிரிந்து தெரியும். ஸ்கெட்ச் பேனாவால் போட்டது என்றால் புள்ளி இருக்காது, ஒரே பூச்சாக இருக்கும், வார்னிஷுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பு மாறும். உங்கள் இரண்டாவது போட்டோவில் இடது கன்னத்துச் சிவப்பு வட்டத்தைத் தாண்டி மீசைப் பக்கம் வழிந்திருக்கிறது. பிளேட் அப்படி வழியாது தம்பி, கை வழியும்.

மிஸ்பிரிண்ட் என்று யாராவது சொன்னால், தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று நான் முதலில் கேட்பேன். பிளேட்டிலா, மெஷினிலா, கட்டிங்கிலா?

பிளேட்டில் தப்பு என்றால் அந்த பிளேட் ஓடின அத்தனை அட்டையிலும் அது இருக்கும். இதே தொகுப்பில் வல்பிக்ஸ் என்ற பிராணியின் அட்டையில், அதன் உயிர்ப் புள்ளி '50 ஹெச்.பி.' என்று இருக்க வேண்டியது 'ஹெச்.பி. 50' என்று திரும்பிவிட்டது. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அதெல்லாம் மலிந்துகிடக்கிறது. மேஜிக்கில் 1994-இல் வந்த 'ரிவைஸ்ட்' பதிப்பில் செரெண்டிப் எஃப்ரீட் என்ற நீல அட்டை பச்சைச் சட்டத்தில், வேறொரு அட்டையின் படத்தோடு வந்தது. அந்தப் பதிப்பு முழுக்க அப்படித்தான். நடுவில் பிளேட்டைத் திருத்திவிட்டால்தான் தப்பாக வந்த பகுதிக்குக் கிராக்கி. அமெரிக்க பேஸ்பால் அட்டைகளில் 1989 ஃப்ளீயர் கம்பெனியின் பில்லி ரிப்கன் அட்டை ஒன்று உண்டு. அவர் பிடித்திருந்த மட்டையின் அடிக்குமிழில் கெட்ட வார்த்தை எழுதியிருந்தது அச்சாகி வெளியே போய்விட்டது. பதறிப்போய் வெள்ளை பூசி ஒரு தரம், கிறுக்கி ஒரு தரம், கறுப்புக் கட்டம் வைத்து ஒரு தரம் என்று மறைத்தார்கள். இப்போது ஒவ்வொரு மறைப்பையும் தனித்தனியாகச் சேர்க்கிறார்கள். பதற்றத்துக்கும் விலை.

மெஷினில் தப்பு என்பது வேறு சமாச்சாரம். ரெஜிஸ்டர் விலகுவது, அதாவது கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போவது, ஒரு கலர் விழாமல் போவது, மசியைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டில் தூசியோ காகிதத் துண்டோ ஒட்டிக்கொள்வது. இந்த வகையில் எனக்குப் பிடித்தது 1990 டாப்ஸ் கம்பெனியின் ஃபிராங்க் தாமஸ் பேஸ்பால் அட்டை, எண் 414. சில பிரதிகளில் முன்பக்கம் பெயரே இல்லை. பெயரைச் சுரண்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அப்படி ஒன்று செய்யலாமே என்பீர்கள். அங்கேதான் விஷயம். கறுப்பு மசி விழாமல் போனது ஃபிராங்க் தாமஸின் பெயரில் மட்டும் இல்லை. அதே ஷீட்டில் அக்கம்பக்கம் இருந்த அட்டைகளிலும் கறுப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்திருந்தன. மெஷினுக்கு ஒரு அட்டை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஷீட். ஆகவே மெஷினில் நடந்த தப்பு, ஆள் நினைத்த இடத்தில் அளவாக நிற்காது, கண்டபடி வழியும். 'பெயர் மட்டும் கச்சிதமாக இல்லை' என்று ஒரு அட்டை வந்தால் எனக்கு அழிரப்பர் ஞாபகம்தான் வரும்.

போகிமானில் 'ஜங்கிள்' தொகுப்பின் மினுக்கு அட்டைகளில் சிலவற்றில் படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய தொகுப்புச் சின்னம் இல்லை. முதல் தொகுப்பின் நைன்டேல்ஸ் என்ற பிராணியின் அட்டையில் தாக்குதலுக்கு நேரே வர வேண்டிய '80' இல்லாமல் சில வந்தன. இரண்டும் நிஜமான அச்சுப்பிழை. வெறும் இடம்தானே அடையாளம், அதனால் சுரண்டிச் செய்வது சுலபம். சின்னம் இருக்க வேண்டிய இடத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். மேல்பூச்சு முழுசாக ஓடியிருந்தால் அச்சுப்பிழை. அங்கே மட்டும் மங்கியிருந்தால் கைவேலை.

கட்டிங் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஓரம் ஒரு பக்கம் கொஞ்சம் அகலமாக இருப்பதையெல்லாம் மிஸ்பிரிண்ட் என்று விற்கிறார்கள். அது சோம்பேறிக் கட்டிங். பக்கத்து அட்டையின் ஒரு துண்டு எட்டிப் பார்த்தால் பேசுவோம்.

உங்கள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். லென்ஸ் வழியாகக் கன்னத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: தரம் பார்த்து மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து வருகிற அட்டையை வாங்கினால் கவலை இல்லைதானே?
— ஒரு வாசகர், சேலம்

கவலை குறையும். போகாது.

1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட்டோடு வந்த பேஸ்பால் அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடையது மிக அரிது. அறுபது போலத்தான் மிச்சம் என்பார்கள். அதில் ஒன்றை 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. என்ற தரநிறுவனம் தன் முதல் அட்டையாக அதற்குத்தான் பத்துக்கு 8 மார்க் போட்டது. எண்பது வருஷக் காகிதத்துக்கு இவ்வளவு கூரான ஓரமா என்று பலருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்தது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அட்டை ஒரிஜினல், ஓரம் புதுசு. கட்டிங் மெஷினில் வேலை பார்த்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: பழைய வெட்டு நாள்பட நாள்பட லேசாக உப்பி அழுக்கேறியிருக்கும், புது வெட்டு வெளேர் என்றிருக்கும். நாலு ஓரத்தையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. போகிமான் அட்டைகள் 1996-இல் ஜப்பானில் வெளிவருவதற்கு முன் சோதனைக்காகச் செய்த மாதிரிகள் என்று சில அட்டைகள் பெரிய விலைக்குப் போய்க்கொண்டிருந்தன, தரச் சான்றிதழோடு. கலர் லேசர் பிரிண்டர்கள் பலவும் தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் தூவிவிடும். எந்த மெஷின், எந்தத் தேதி என்று அதிலே குறிப்பு இருக்கும். 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் அந்தப் புள்ளிகளைப் படித்தார்கள். சில அட்டைகளில் தேதி 2024 என்று வந்தது. படித்தபோது நான் தனியாகவே சிரித்தேன். பிரிண்டரே காட்டிக்கொடுத்துவிட்டது.

அட்டை மட்டும் இல்லை, சீல் வைத்த பெட்டியும் ஏமாற்றும். 2021 டிசம்பரில் யூடியூப் பிரபலம் லோகன் பால், முதல் பதிப்புப் பாக்கெட்டுகள் உள்ள சீல் உடையாத அட்டைப்பெட்டி என்று 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அதுவும் சரிபார்த்து உறுதி சொன்ன பெட்டிதான். அடுத்த மாதம் திறந்தால் உள்ளே ஜி.ஐ. ஜோ என்ற பொம்மைச் சிப்பாய்களின் அட்டைகள். பிளாஸ்டிக் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு, ஆகவே அதன்மேல் இருக்கும் எண்ணைத் தரநிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் உங்கள் கையில் இருக்கும் அட்டைதானா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் விளையாடின மல்யுத்த ட்ரம்ப் கார்டு மூன்று கட்டு வைத்திருக்கிறேன். மூன்றிலும் அண்டர்டேக்கரின் உயரம் வேறு வேறாக இருக்கிறது. எது ஒரிஜினல்?
— ஒரு வாசகர், விருதுநகர்

ஐயா, பக்கத்து ஊர்க்காரராகப் போய்விட்டீர்கள், பொய் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் தெருக்கடையில் தொங்கின கட்டுகளில் பாதிக்கு யாரும் யாரிடமும் உரிமம் கேட்கவில்லை. நான் ஓட்டின ஒன்றில் உயரத்தை டைப் செய்தவர் மல்யுத்தமே பார்க்காதவர். மூன்றையும் ரப்பர் பேண்ட் போடாமல் வையுங்கள், ஓரம் வெட்டுப்படும்.

கேள்வி: யூடியூபில் சொன்னபடி ஒரு போகிமான் அட்டையை நடுவில் கிழித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புப் படலம் இருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்?
— ஒரு வாசகர், திருச்சி

ஒரிஜினலாக இருந்தது என்று அர்த்தம்.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த ஓரத்தில் தாளின் கனம், படலத்தின் நிறம், முதுகின் நீலம் மூன்றும் தெளிவாகத் தெரியும். அடுத்த தடவை அட்டை வாங்கப் போகும்போது ஒரு பாதியைச் சட்டைப்பையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு பாதியை எனக்குத் தபாலில் அனுப்ப முடியுமா? மச்சான் கொடுத்த கட்டிலிருந்து ஒன்றைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை.